தாய்ப்பூனையும் திரோதான சத்தியும்

சிவமயம்

சைவப் பாடசாலை உபாத்தியாயர்களே!

குரங்குக்குட்டி நியாயம், பூனைக்குட்டி நியாயம் என இரண்டு நியாயங்கள் வழங்குதலை நீவிர் அறிவீர். குரங்கின் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனையின் குட்டியையோ தாயே வாயினாற் கவ்விச் செல்லும். ஆன்மா தன் முயற்சியால் இறைவனைப் பற்றுதல் வேண்டும் என்பார் முன்னையதையும், இறைவனே ஆன்மாவைத் தாங்குவன் என்பார் பின்னையதையும் உவமையாகக் காட்டுவர். வைணவருள் வடகலையாரும் தென்கலையாரும் இவற்றை வைத்து நெடுங்காலம் வாதித்தனர். சைவப் பிரசங்க மேடைகளிலும் இவ்வுவமைகள் எடுத்தாளப்படுகின்றன. யாமும் முப்பது வருஷமாகச் சமயபாட வகுப்பிலே இவற்றைச் சொல்லி வந்தோம். ஆயினும், தாய்ப்பூனை ஒன்று தன் குட்டிகளை எங்ஙனம் வளர்க்கின்றது என்பதை ஒரு நாளேனும் இருந்து பார்த்திலேம். பாராது சொல்லிய உவமை எம்மை ஒரு பெரும் பிழையிலே வீழ்த்தியது. அப்பிழை பூனையளவில் நின்றிருந்தால் இங்கே அதனை எழுதத் துணியோம். அது பிள்ளைகளையும் தொட்டது. ஆதலினால் மறையாது கூறுகின்றோம்.

சென்ற கார்த்திகை மாதத்து மாரிமழைக் காலத்திலே, எம் பாடசாலையின் பின்புறத்துக் களஞ்சிய அறையில், உடைந்த வாங்குகளுக்கும் பழைய பரீட்சைத் தாள்களுக்கும் இடையே, தெருவிலே திரியும் பூனை யொன்று நான்கு குட்டிகளை ஈன்றிருந்தது. அவை கண் திறவாதவை. ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் வந்து அதனை எமக்கு அறிவித்தான். யாம் காலை ஒன்பது மணிக்குச் சென்று பார்த்தோம். தாய் அங்கு இல்லை. இடைவேளையிலே பார்த்தோம், இல்லை. மத்தியானத்திலும் பார்த்தோம், இல்லை. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்து கிடந்தன. "தாய் இவற்றைக் கைவிட்டுப் போயிற்று" என்று யாம் தீர்ப்புச் சொன்னோம். அருகே நின்ற அச்சிறுவன், "ஐயா, தாய் வேலைக்குப் போயிருக்கும், பின்னேரம் வந்துவிடும்" என்றான். யாம் நகைத்தோம். குட்டிகளை ஒரு மட்டைப்பெட்டியில் இடுவித்து, காவலாளர் வீட்டுக்கு அனுப்பினோம். அவ்வீட்டார் இரக்கத்தோடு பசுப்பாலைத் துணியில் நனைத்து ஊட்டினர்.

பின்னேரம் நான்கு மணிக்குத் தாய் வந்தது. மழையிலே முற்றும் நனைந்து, மடி பாலினாற் கனத்து வந்தது. குட்டிகள் கிடந்த இடத்தை மோந்தது. தாள்களைக் காலினாற் பறித்தது. வாங்குகளின் கீழெல்லாம் நுழைந்து நுழைந்து வெளிவந்தது. பின்பு அது கூப்பிட்ட குரலை எழுத்திலே தர எம்மால் இயலாது. இரவு முழுவதும் அக்குரல் ஓயவில்லை யென்று அயலார் சொன்னார்கள். மறுநாட் காலையிலே பெட்டி திரும்பி வந்தபொழுது இரண்டு குட்டிகள் இறந்திருந்தன. எஞ்சிய இரண்டினையும் பழைய இடத்திலே வைத்துவிட்டு யாம் தூரத்தே விலகி நின்றோம். மனிதர் கை பட்ட குட்டியைத் தாய் ஏற்காது என்பார் உளர். அது பெரும்பாலும் பொய்ப்பட்ட நம்பிக்கை. தாய் வந்தது, இரண்டினையும் நக்கியது, பால் கொடுத்தது. அன்றிரவே அவற்றை ஒவ்வொன்றாய்க் கவ்விச் சென்று, அயலிலுள்ள கோயிலின் தேர்முட்டிக்குள் ஒளித்து வைத்தது. எம்மை நம்பாமையின் அங்ஙனம் செய்தது. அது நம்பாதது நியாயமே.

யாம் இளமையிலே மிஷன் பாடசாலை யொன்றிற் கற்றோம். அங்கே விலங்கியல் கற்பித்த உபாத்தியாயர், நூலை மூடிவிட்டுப் பொருளைப் போய்ப் பாருங்கள் என்று அடிக்கடி சொல்லுவர். அவர் சொல் நாற்பது வருஷங்கழித்து அன்றுதான் எம் உள்ளத்திலே தைத்தது. அதன்பின் தேர்முட்டிக் குட்டிகளைத் தூரத்தே நின்று நாடோறும் பார்த்தோம். இத்துறையில் ஆராய்ந்தோர் எழுதியவற்றையும் தேடிக் கற்றோம். அறிந்தவற்றைச் சுருக்கிக் கூறுவாம்.

பூனை ஏறக்குறைய ஒன்பது வாரம் கருச்சுமக்கும். பிறக்குங் குட்டி நூறு கிராம் அளவினது; கண் காணாது, செவி கேளாது. தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் வலியும் முதற் சில வாரங்களில் அதற்கு இல்லை. தாயின் வயிறும் உடன்பிறந்தவற்றின் உடம்புமே அதற்குப் போர்வை. மலசலங் கழித்தற்கும் தாய் நாவினால் நக்கித் தூண்டுதல் வேண்டும். கழிந்ததைத் தாயே உட்கொண்டுவிடும். மணம் எழுந்தால் நாயும் பிறவும் இடத்தை அறிந்துவிடும் என்க. பிறந்த சில நாளிலே குட்டிகள் பெரும்பாலும் தத்தமக்கு ஒரு முலைக்காம்பைத் தெரிந்துகொள்ளும். அதனாற் பூசல் குறையும். ஈன்ற முதல் ஓரிரு நாள் தாய் குட்டிகளை விட்டு நீங்குதல் மிக அரிது.

அற்றேல், பின்பு நீங்குதல் என்னையெனின், கூறுவாம். பாலூட்டும் பூனைக்கு முன்னையிலும் இரட்டிக்கு மேற்பட்ட உணவு வேண்டும். வீட்டுப் பூனைக்கு அவ்வுணவு தட்டிலே வரும். தெருப்பூனைக்கோ எலியும் ஓணானும் குப்பையும் தேடித் திரிந்தாலன்றி உணவில்லை. அது வேட்டைக்குப் போகாதிருந்தால் பால் வற்றும். பால் வற்றினாற் குட்டிகள் இறக்கும். ஆகவே அது குட்டிகளை விட்டுப்போவது குட்டிகளின் பொருட்டேயாம். மழைநாளிலே இரை அகப்படுதல் அரிதாதலின் போன தாய் திரும்புவதற்கு நேரமும் நீளும். யாம் மூன்று முறை எட்டிப் பார்த்தோம். மூன்று முறையும் கண்டது தாய் இல்லாமையை மாத்திரமே. அதன் காரணத்தை ஒரு முறையேனும் வினாவினேமல்லேம்.

மறைத்து வைத்தலும் இத்தகையதே. நாய், கீரி முதலியவற்றாற் குட்டிகளுக்கு ஆபத்து உண்டு. வேற்றுக் கடுவன் பூனை சிலவேளை குட்டிகளைக் கொல்லுதலும் உண்டு. ஓரிடம் அறியப்பட்டதென்று தோன்றினால் தாய் இடம் மாற்றும். ஒரு முறைக்கு ஒரு குட்டியாகப் பிடரியிற் கவ்விச் செல்லும். கவ்வப்பட்ட குட்டி துடியாது; காலையும் வாலையும் மடக்கி அசைவற்றுத் தொங்கும். பூனைக்குட்டி ஒன்றுஞ் செய்வதில்லை என்று யாம் வகுப்பிலே சொல்லி வந்தோம். அது தவறு. அசையாதிருத்தலாகிய ஒரு காரியத்தை அது செய்கின்றது. அது துடிப்பின் தாய்க்குச் சுமத்தல் அரிதாகும். தாயின் கருணைக்கு இடங்கொடுத்து நிற்றலே குட்டியின் பங்கு. சைவ சித்தாந்தி அந்நியாயத்தை இவ்வாறு கொள்ளின் குற்றமில்லை.

அந்தக் கருணையின் எல்லைக்கு உலகறிந்த சான்று ஒன்று கூறுவாம். 1996 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நியூயோர்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியிலே, கைவிடப்பட்ட கட்டட மொன்று தீப்பற்றியது. அங்கே தெருப்பூனை யொன்று ஐந்து குட்டிகளோடு இருந்தது. தீயணைப்போர் பார்த்துக்கொண்டிருக்க, அது எரியும் கட்டடத்தினுள் ஐந்து முறை புகுந்து, முறைக்கு ஒன்றாக ஐந்து குட்டிகளையும் வெளியே கொணர்ந்தது. காதுகள் கருகின, மயிர் எரிந்தது, கண்ணிமைகள் கொப்புளித்து மூடிக்கொண்டன. கண் காணாத நிலையிலே அது தன் மூக்கினாற் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. தொட்டபின்னரே மூர்ச்சித்து வீழ்ந்தது. ஐந்தில் நலிந்த குட்டி யொன்று பின்பு நோயால் இறந்தது, ஏனையவை பிழைத்தன. ஸ்காலெற் எனப் பெயரிடப்பட்ட அத்தாய் 2008 ஆம் ஆண்டு வரை வாழ்ந்தது. தீப்பற்றுமுன் ஒருவர் அங்கே சென்று, தாய் இரை தேடப் போயிருந்த வேளையிலே அக்குட்டிகளைக் கண்டிருப்பின், அவரும் எம்மைப்போலவே "கைவிட்ட தாய்" என்று தீர்ப்புச் சொல்லியிருப்பர் அன்றோ?

இனி, இந்தப் பராமரிப்பு என்றும் ஒரே வகையாய் நில்லாது. நான்காம் வாரமளவிலே தாய் இறந்த இரையைக் கொணர்ந்து குட்டிகளின் முன்னே தின்னும்; பின்பு அவற்றைத் தின்னவிடும்; அதன்பின் உயிருள்ள இரையைக் கொணர்ந்து விட்டு, அவை பிடிக்கப் பழகும்வரை பக்கத்திலே இருக்கும். பால் குடிக்க வரும் குட்டியை இக்காலத்திலே தாய் எழுந்து விலகிப் போகும். சிலவேளை சீறித் தள்ளும். எட்டாம் வாரமளவிலே பால் மறப்பிக்கப்படும். பார்ப்பவருக்கு இது கொடுமையாய்த் தோன்றும். தள்ளாத தாயின் குட்டி வேட்டை கற்பது எப்படி? பிலிஸ் செஸ்லர் என்பவர் 1969 ஆம் ஆண்டிலே 'சயன்ஸ்' என்னும் பத்திரிகையில் வெளியிட்ட ஆராய்ச்சி யொன்று உபாத்தியாயராகிய நாம் அறியத்தக்கது. நெம்பு கோல் ஒன்றை அழுத்தி உணவு பெறுதலைத் தம் தாய் செய்யக் கண்ட குட்டிகள், அந்நியப் பூனை செய்யக் கண்டவற்றிலும் விரைவாகக் கற்றன. எவரும் செய்து காட்டாது தாமே முயலவிடப்பட்டவை கற்கவேயில்லை. அன்புகொண்டு நம்பிய இடத்திலிருந்தே அறிவு விரைவிற் செல்லும் என்பது இதனாற் பெறப்படும்.

இத்துணைச் செய்தும் தெருப்பூனையின் குட்டிகளிற் பல பிழைப்பதில்லை. அமெரிக்க நாட்டு வட கரோலினாவிலே நிகழ்ந்த ஆராய்ச்சி யொன்று 2004 இல் வெளிவந்தது. அதிலே கணக்கிடப்பட்ட 169 குட்டிகளுள் 127, ஆறு மாதம் நிரம்புமுன் இறந்தோ காணாமற்போயோ ஒழிந்தன. நூற்றுக்கு எழுபத்தைந்து! தாயின் அன்பு குறைந்தமையால் நேர்ந்த இழப்பு இது என்று சொல்லத் துணிவார் யார்? அன்பு நிறைந்திருந்தும், ஊனும் உறையுளும் இல்லாதவிடத்து விளைவு குறையும். விளைவைக் கண்டு அன்பை அளக்கலாகாது.

இனிச் சமயப்பொருளுக்கு வருவாம். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என இறைவன் செய்யுந் தொழில் ஐந்து என்று நாம் கற்பிக்கின்றோம். நான்கினை மாணாக்கர் எளிதில் ஏற்பர், மறைத்தல் என்றவுடன் "மறைத்தல் எப்படி அருளாகும்?" என்று வினாவுவர். அவ்வினாவுக்கு யாம் பல வருஷமாகப் புத்தகத்து விடையையே ஒப்புவித்து வந்தோம். திரோதான சத்தியாவது ஆன்மாவினின்றும் இறைவனை மறைத்து, வினைப்போகங்களை நுகர்வித்து, ஆணவமலம் பரிபாகம் அடையுமாறு நடத்துவது. மலபரிபாகம் வந்தபோது அதுவே அருட்சத்தியாய்ப் பதிவது. மலத்தோடு கூட்டி எண்ணப்படினும் அது மலமன்று, கருணையேயாம். இப்பொருளைத் தேர்முட்டிக்கு அருகே நின்றபோதே யாம் உள்ளபடி உணர்ந்தோம். குட்டிக்குத் தோன்றுவது தாயின் இன்மை. தாயிடத்தே நிகழ்வதோ குட்டிக்காகப் படும் பாடு. குட்டி காண்பது சீறுந் தாயை. தாய் கருதுவது குட்டி தன் காலில் நிற்கும் நாளை.

உவமை எல்லா அமிசத்திலும் ஒவ்வாது. பூனை மெய்யாகவே ஓரிடத்தை விட்டு வேறிடம் போகின்றது; எங்கும் நிறைந்த இறைவனுக்குப் போக்கும் வரவும் இல்லை. மெய்யாகவே விட்டுப்போகும் ஒரு பிராணியிடத்தே இத்துணைக் கருணை இருக்குமாயின், ஒருபோதும் விட்டு நீங்காது மறைந்து மாத்திரம் நிற்கும் முதல்வனிடத்தே எத்துணை இருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மானச தீக்ஷைக்கு ஆமையை உவமை சொல்லுகின்றோம்: ஆமை மணலிலே முட்டையிட்டுக் கடலுக்குப் போயினும் நினைவினாலே காக்கும் என்பது அந்நியாயம். தாயிழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சோமசுந்தரக் கடவுள் தாய்ப்பன்றியாய் முலை கொடுத்த திருவிளையாடலையும் படிப்பிக்கின்றோம். இவற்றைப் படிப்பிக்கின்ற நாம் தெருப்பூனை ஒன்றனைச் சமயபாடத்துக்கு இழிவென்று தள்ளுதல் தகுமோ?

உபாத்தியாயர்களே! எம் பிழையின் இரண்டாம் பாகத்தை இப்பொழுது கூறுவாம். "தாய் வேலைக்குப் போயிருக்கும்" என்ற சிறுவனை யாம் முன்னரே அறிவோம். அவன் அடிக்கடி நேரங்கழித்து வருபவன், வீட்டுப்பாடம் செய்யாதவன், பெற்றார் கூட்டம் மூன்றிலே ஒன்றுக்கேனும் அவன் வீட்டிலிருந்து எவரும் வந்ததில்லை. அவனைக் குறித்து யாம் பதிவேட்டிலே "கவனிப்பாரற்ற பிள்ளை, தாய் அசட்டை" என்று எம் கைப்பட எழுதியிருந்தோம். குட்டிகள் இறந்த நாளின் பின்னேரம், வெட்கத்தோடு அவன் வீட்டுக்குச் சென்றோம். தந்தை இல்லை. தாய் விடியுமுன் எழுந்து, சமைத்து மூடி வைத்துவிட்டு, வெங்காயத் தோட்டத்திலே கூலிக்குப் போகின்றவள்; இருள்கின்ற வேளையிலே திரும்புகின்றவள். ஒரு நாட் கூலியை இழந்தால் மறுநாள் உலை ஏறாது; பெற்றார் கூட்டமோ வேலைநாட் காலையிலேயே வைக்கப்படுகின்றது. அவள் வருமளவும் இளைய தங்கையைப் பார்ப்பவன் இச்சிறுவனே. திண்ணையின் ஓரத்திலே, அவன் கொப்பிகள் மழை படாவண்ணம் பொலித்தீன் உறையிலே சுற்றி உயரத்திலே வைக்கப்பட்டிருந்தன. அதனைச் செய்தவர் யாரென்று வினாவினோம். "அம்மா" என்றான்.

எழுதப் படிக்க அதிகம் அறியாத அத்தாய், கொப்பி நனையலாகாது என்று அறிந்திருந்தாள். அவளை யாம் "அசட்டை" என்றோம். களஞ்சிய அறையிலே யாம் செய்த தீர்ப்பும் பதிவேட்டிலே செய்த தீர்ப்பும் ஒன்றே. இரண்டிலும் கண்டது தாய் இல்லாமை, முடித்தது கைவிட்டமை. சிறுவனுக்கோ தன் வீட்டு அநுபவத்தினாலே உண்மை தெரிந்திருந்தது. அறிந்தவன் அவன், நகைத்தவர் யாம்.

அற்றேல், பிள்ளைகளை மெய்யாகவே கைவிட்ட பெற்றார் இலரோ எனின், உளர். அங்ஙனம் கைவிடப்பட்ட பிள்ளைக்கு நாமே தாயாதல் வேண்டும். ஆயின் அதனை அறிதற்குப் போய்ப் பார்த்தலும் இருந்து கேட்டலும் வேண்டும். மூன்று முறை எட்டிப் பார்த்து எழுதும் தீர்ப்பு ஒரு பிள்ளையின் பின்னே வருஷக்கணக்காகத் தொடர்ந்து செல்லும்; அடுத்த உபாத்தியாயரும் அதனைப் படித்துவிட்டே அப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பர்.

யாம் இப்பொழுது கைக்கொள்ளும் முறையை உங்களுக்கும் விண்ணப்பிக்கின்றோம். பாடசாலை வளவிலே பூனைக்குட்டிகளைக் கண்டால் உடனே எடாதீர்கள். அவை உலர்ந்த இடத்திலே அமைதியாய் உறங்கினால், தாய் அண்மைக் காலத்திலே பாலூட்டிச் சென்றது என்று கொள்ளுங்கள். மாணாக்கரை விலக்கித் தூரத்தே நின்று பல மணி நேரம் பாருங்கள். அருகே நின்றால் தாய் வராது. தாய்க்கு உணவும் நீரும் சற்று அப்பால் வையுங்கள். குட்டிகளுக்குப் பசுப்பால் கொடாதீர்கள். அது வயிற்றோட்டம் உண்டாக்கிக் கொல்லும். தாய் வாராது, குட்டிகள் குளிர்ந்து கதறுமாயின், முதலிற் சூடு கொடுத்து மிருக வைத்தியரை நாடுங்கள். குட்டிகள் பால் மறந்தபின் தாய்க்குக் கருத்தடைச் சிகிச்சை செய்வித்தால், மீண்டும் மீண்டும் ஈன்று மெலிந்து குட்டிகளை இழக்கும் துன்பம் அதற்கு ஒழியும். இவற்றை மாணாக்கர் காணச் செய்தல் ஒரு சமயபாடமேயாம்.

பிள்ளைகள் விஷயத்திலே, ஒருவன் வீட்டு வாயிலை மிதித்துப் பார்க்குமுன் அவன் பெற்றாரைக் குறித்து ஒரு சொல்லும் எழுதுவதில்லை என்று விரதம் பூணுவோமாக. பெற்றார் கூட்டத்தைக் கூலிவேலை செய்வாரும் வரத்தக்க பொழுதிலே வைப்போமாக. எம் பாடசாலையிலே இப்பொழுது அது ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்திலே கூடுகின்றது. முதற் கூட்டத்துக்கு அச்சிறுவனின் தாய் வந்தாள், பின்வரிசையிலே இருந்தாள், முடிவிலே எழுந்து, மகனின் எழுத்து முன்னையிலும் திருந்தியிருக்கின்றதா என்று ஒரே ஒரு வினாவை வினாவினாள். யாம் பதிவேட்டில் எழுதிய வரியை அதற்கு முன்னரே அடித்துத் திருத்தியிருந்தோம். இறந்த இரண்டு குட்டிகளின் கணக்கைத் திருத்த எமக்கு வழியில்லை. தேர்முட்டியில் வளர்ந்த இரண்டும் இப்பொழுது மடைப்பள்ளி எலிகளுக்குப் பகையாய்த் திரிகின்றன.

காணாமையைக் கொண்டு இல்லாமையைத் துணியாத அறிவையும், மறைந்து நிற்கும் கருணையைத் தேடிக் காணும் பொறுமையையும், உமையொரு பாகராகிய எம்பெருமான் நம்மனைவருக்கும் தந்தருளுவாராக.

திருச்சிற்றம்பலம்.